ஒரு நாள் முந்தி வந்த சத்தம்

அந்த வருஷம் தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையோரத்து அடுக்கு வீடுகளில், 'சி' பிளாக் இரண்டாவது மாடியில் எப்சிபா வாசிக்கிற கிடார், அவள் வாசிப்பதற்குச் சரியாக ஒரு நாள் முன்னாலேயே எல்லாருக்கும் கேட்டுவிடும் என்பதை அங்கே யாரும் அதிசயமென்று சொன்னதில்லை; மொட்டைமாடித் தொட்டி ஒழுகும், 'ஏ' பிளாக் படியில் விளக்கு எரியாது, எப்சிபாவின் கிடார் நாளைக்குள்ளது இன்றைக்கே கேட்கும் என்று, புதிதாகக் குடிவருகிறவர்களிடம் மற்றக் குறைகளோடு சேர்த்துச் சொல்லிவைப்பார்கள், வந்தவர்களும் தலையை ஆட்டிவிட்டுச் சாமான்களை இறக்கப் போய்விடுவார்கள். அதிசயப்பட அங்கே யாருக்கு நேரம் இருந்தது? எரிச்சல்படத்தான் நேரம் இருந்தது. அதிலும் முக்கால்வாசி எரிச்சலை எப்சிபா ஒருத்தியே எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பன்னிரண்டு பத்துக்கு மணி அடிப்பதற்குள் நூற்று முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குச் சோறும் சாம்பாரும் முட்டையும் தயாராக இருக்க வேண்டுமென்று இருபத்திரண்டு வருஷமாக மணிக்கு முன்னால் ஓடி ஓடி, அவள் உடம்பே எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடப் பழகியிருந்தது. பஸ் நிற்பதற்கு முன் இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் போதகர் ஜெபத்தை முடிப்பதற்கு இரண்டு வரி முன்னாலேயே 'ஆமென்' என்பாள். பின்வரிசைக்காரர்கள் அதை நம்பித் தலையைத் தூக்கி, ஜெபம் இன்னும் ஓடுவதைக் கண்டு மறுபடியும் குனிவார்கள். கணவர் தனசிங்கோடு கடைத்தெருவுக்குப் போனால் பத்தடி முன்னால் நடந்து, திரும்பி நின்று, "என்ன ஆடி அசைஞ்சு வாறிய, கடையை அடைச்சிருவான்" என்பாள். தனசிங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முப்பது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியின் முதுகில் ஒரு சத்தமில்லாமல் இறக்கிவைத்த மனுஷன், அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது.

போன கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. காலும் கையும் ஓரளவுக்குத் திரும்பின, பேச்சு திரும்பவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே இருக்கிறது என்பது கண்ணைப் பார்த்தாலே தெரியும், வாய்க்கு வரும்போது முதல் எழுத்தோடு நின்றுவிடும். "த…" என்பார். "தண்ணியா? தலைவலியா? தலகாணி வேணுமா?" என்று மூன்றையும் அவள் அடுக்கி முடிக்கும்போது அவர் இரண்டாவது எழுத்துக்குக்கூட வந்திருக்கமாட்டார், கையை வீசிவிட்டுச் சுவரைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். ஆனால் கோவிலில் பாட்டு எடுத்தால் கடைசிச் சரணம்வரை ஒரு வார்த்தை பிசகாமல் பாடினார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப பாட்டைப் பிடிச்சுத்தான் பேச்சை இழுக்கணும். தினம் தேவைப்படுற சின்னச் சின்ன வாக்கியத்தை மெட்டுல வச்சுப் பாட வைங்க. தாளம் ஒரே சீரா இருக்கணும், அவர் அதுல ஏறி வரணும். ஒரு நாள்கூட விடாதீங்க."

பத்து வாக்கியம் எழுதிக் கொடுத்தார். தண்ணி வேணும், சோறு போதும், ஃபேனைப் போடு, இப்படி. எப்சிபா வீட்டுக்கு வந்ததும் பீரோ மேலே கிடந்த கிடாரை இறக்கித் தூசி தட்டினாள். பெங்களூரில் வேலைக்குப் போன மகன் விட்டுப்போனது. கைதட்டிப் பார்த்தால் என்ன என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். தட்டிப் பார்த்தாள், தட்டத் தட்ட அது ஓட்டமாகி, கிரிக்கெட் ஜெயித்தவனுக்குத் தட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. கம்பி என்றால் விரலைப் பிடித்து வைக்கும் என்று நினைத்தாள்.

கோவில் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கிற ஜெர்சன், பஸ் நிறுத்தத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். செத்துப்போன போன்களுக்கு நடுவே அவளுக்கு ஸ்டூல் போட்டு, கம்பியில் விரல் வைக்கிற மூன்று கார்டு சொல்லிக்கொடுத்தார். விரல்கள் ஒரு மாதத்தில் படிந்தன. அதில் ஒரு குறையுமில்லை. தாளம்தான் படியவே இல்லை.

"யக்கா, நாலு எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எண்ணிக்கைக்கு நடுவுல கை சும்மா மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருக்கணும், நிக்கக் கூடாது."

"எண்ணத்தான செய்யுதேன்."

"நீங்க மூணு எண்ணும்போதே கை அடுத்த ஒண்ணுக்குப் போயிருது."

போனில் டிக் டிக்கென்று தாளம் போடுகிற ஆப் ஒன்றை ஏற்றிக்கொடுத்து, நிமிஷத்துக்கு ஐம்பது தட்டு வைத்து வாசிக்கச் சொன்னார். ஐம்பது! ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் இடையில் எப்சிபா பருப்பு ஊறப்போடவில்லை என்பதை நினைத்தாள், சிலிண்டர் பதிந்தோமா என்று யோசித்தாள், மறுநாள் முட்டை வண்டி வருமா என்று கவலைப்பட்டாள், அப்புறமும் டிக் வரவில்லை. இந்தச் சவத்துக்காக எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது என்று அவளே தட்டிவிட்டாள்.

ஜூன் மாதத்தில் அரைத் தட்டு முந்தினாள். ஜூலையில் ஒரு தட்டு. ஆகஸ்டில் ஒரு நாள், விரல் கம்பியைத் தொடுவதற்கு முன்பே கம்பி ஒலித்தது. விரலைத் தூக்கிப் பார்த்தாள், ஒலித்தது. வைத்துப் பார்த்தாள், ஒலிக்கவில்லை, அந்தத் தட்டுக்குரிய சத்தம் முன்னாலேயே செலவாகியிருந்தது. வாரங்கள் போகப் போக, அவள் கிடாரை மடியில் எடுப்பதற்கு முன்னால் சத்தம் வந்தது, பிறகு படியேறும்போதே வந்தது, பிறகு பள்ளிக்கூடத்துச் சாவியைத் தலைமையாசிரியையிடம் கொடுக்கும்போதே வீட்டில் வந்தது, செப்டம்பர் கடைசியில் முழுதாக ஒரு நாள் முந்திப்போய் அங்கே நின்றது. தினம் மாலை ஐந்தரைக்கு அவள் பால்கனியில் உட்கார்ந்து வாசித்தால், விரலுக்குக் கீழே கம்பி ஊமையாகக் கிடக்கும், காற்றில் நாளைய பயிற்சி ஓடிக்கொண்டிருக்கும். ஜெர்சனிடம் போய்ச் சொன்னாள்.

"முந்துறது புதுசாப் படிக்கிற எல்லாருக்கும் உள்ளதுதான் யக்கா," என்றார் அவர், ஒரு போனின் முதுகைக் கழற்றிக்கொண்டே. "உங்களுக்குக் கொஞ்சம் சாஸ்தி. ஐம்பதை நாப்பதாக் குறைச்சுப் பாப்போம்."

முதலில் அதற்கு உபயோகம் கண்டுபிடித்தவள் கீழ்வீட்டு மாரீஸ்வரி. தண்ணீர் லாரி அங்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரவேண்டும், அது வருகிற நாளும் நேரமும் ஆண்டவனுக்கும் அந்த டிரைவருக்கும்தான் தெரியும். லாரி ஹாரன் கேட்டால் எப்சிபா கிடாரைப் போட்டுவிட்டு முதல் ஆளாகக் குடத்தோடு ஓடுவாள். ஆகவே இன்றைக்குக் கேட்கிற சத்தம் ஐந்து ஐம்பதுக்கு 'டங்'கென்று பாதியில் அறுந்தால், நாளைக்கு ஐந்து ஐம்பதுக்கு லாரி வருகிறது. மாரீஸ்வரி இதை நான்கு நாள் தனக்குள்ளேயே வைத்திருந்து, எப்சிபாவுக்கும் முன்னால் குடத்தை வரிசையில் வைத்தாள்; ஐந்தாம் நாள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதன்பின் குடியிருப்பு முழுவதும் நாளைக்கு வாழத் தொடங்கியது. சங்கச் செயலாளர் பீர் முகமது, ஓய்வுபெற்ற சுங்க இலாகா மனிதர், ஐந்தரைக்குக் கைக்கடிகாரத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்து, நாளைத் தண்ணீர் நேரத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். சத்தம் பால்கனியிலிருந்து வராமல் உள்ளறையிலிருந்து வந்தால் நாளைக்கு மழை, ஆகவே துணியை இன்றைக்கே துவைத்துவிட வேண்டும். நடுவில் ஐந்து நிமிஷம் நின்று மறுபடி தொடங்கினால் எப்சிபா வீட்டுக்கு நாளைக்கு விருந்தாளி, அது யாரென்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். உப்புக் கம்பெனிக்காரர்கள் மழைக்காகக் கேட்டுப் போக ஆளனுப்பினார்கள். போதகர்கூட, சபையார் உல்லாசப் பயணத்துக்கு நாள் குறிப்பதற்குமுன், வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவர்போல ஒரு மாலை வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்.

எப்சிபாவுக்குத்தான் தலை வெடித்தது. நாளைக்கு அவள் விடப்போகிற தப்பை இன்றைக்கே நாற்பத்தெட்டு வீடும் கேட்டுவிடும். "யக்கா, நாளைக்கு ரெண்டாவது வரியில பிசிறு அடிக்கிய, பாத்துக்கிடுங்க," என்று மாரீஸ்வரி துணி காயப்போட்டபடி சொல்வாள். மறுநாள் அந்த இடம் வரும்போது கவனமாக, இன்னும் கவனமாக, பல்லைக் கடித்துக்கொண்டு போவாள், அந்தக் கவனத்தினாலேயே விரல் பிசகும். ஒரு நாள் கோபம் தலைக்கேறி, இன்றைக்குத் தொடவே மாட்டேன் என்று கிடாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஐந்தரைக்குப் பீர் முகமது வாசலில் வந்து நின்றார்.

"நேத்தே நாங்க கேட்டாச்சும்மா. பலகையில எழுதியாச்சு. நீ இப்ப வாசிக்கலைன்னா கணக்கு என்னத்துக்கு ஆகும்?"

"அண்ணாச்சி, நான் வாசிக்கது உங்க தண்ணிக்கு இல்ல."

"யாருக்கா இருந்தா என்ன, வாசிச்சிரு."

யாருக்காக வாசிக்கிறாளோ, அவருக்குத்தான் அது உதவவில்லை. தினமும் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தனசிங் உட்காருவார், மடியில் பத்து வாக்கியத் தாள். அவள் கை ஒரு தாளத்தில் ஓடும், காதில் விழுவது வேறு நாளுடைய தாளம். அவர் கையைப் பார்ப்பார், காதைச் சாய்ப்பார், வாயைத் திறப்பார், எதில் ஏறுவதென்று தெரியாமல் மூடிக்கொள்வார். ஓடுகிற பஸ்ஸில் ஒரு காலை வைத்து எடுத்தவரைப் போல இருக்கும் அவர் முகம். "பாடுங்களேன்! 'தண்ணி வேணும்', ரெண்டே வார்த்தை!" என்று கத்துவாள், கத்திய அடுத்த நொடி தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றும். அக்டோபர் முடிந்தது. ஆஸ்பத்திரி அம்மா தாளைப் பார்த்து, "கிறிஸ்துமஸுக்குள்ள ஒரு வாக்கியமாவது அவரா சொல்லணும்மா, மனசு விட்டுட்டார்னா அப்புறம் இழுக்கிறது கஷ்டம்," என்றார். தனசிங் மனசு விட்டுக்கொண்டிருந்தார். நவம்பரில் "த" என்று தொடங்குவதைக்கூட நிறுத்திவிட்டார், செம்பைக் கையால் காட்டினார்.

ஆனாலும் அவள் ஒரு நாளும் விடவில்லை. காய்ச்சலில் வாசித்தாள், அண்ணன் செத்த அன்று அடக்கம் முடிந்து வந்து கால் கழுவிவிட்டு வாசித்தாள். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினையாகிவிட்டது.

நவம்பர் மாதத்தின் மூன்றாம் புதன்கிழமை, ஐந்தரைக்கு எப்சிபா உட்கார்ந்து கம்பியைத் தட்டினாள். கம்பி வழக்கம்போல ஊமை. காற்றும் ஊமையாக இருந்தது. ஆறு மணிவரை தட்டினாள், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. படிக்கட்டில் பீர் முகமது கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். மாரீஸ்வரி கொடியில் பாதித் துணியோடு நின்றாள். நாளைக்கு எப்சிபா வாசிக்கமாட்டாள். காய்ச்சலுக்கும் சாவுக்கும் நிறுத்தாதவள் எதற்காக நிறுத்துவாள் என்று அவரவர் மனதில் யோசித்து, எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள், மாரீஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "யக்கோவ்," என்று அழத் தொடங்கினாள்.

"என்னட்டி அழுத?"

"நாளைக்குச் சத்தம் இல்லியே யக்கா."

"அதுக்கு?"

"நாம ஒண்ணும் முடிவு பண்ண வேண்டாம்," என்றார் பீர் முகமது. ஆனால் கீழே போய்ப் பந்தல்காரனுக்குப் போன் போட்டார், நாற்காலி ஐம்பது வேண்டுமென்றால் முன்கூட்டியே சொன்னால்தான் கிடைக்குமாம். ஏழு மணிக்குப் போதகர் வந்து ஜெபித்துவிட்டு, அவளுக்குப் பிடித்த பாட்டு எதுவென்று சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டார். இருபத்திரண்டு வருஷம் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடியவளைக் குடியிருப்பு முழுவதும் சேர்ந்து ஒரு நாள் முந்திக்கொண்டது. "சாவுலயுமாய்யா அவசரம்?" என்று கதவைச் சாத்தினாள் எப்சிபா. சாத்திவிட்டுத் திரும்பினால், தனசிங் நாற்காலிக் கையைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சுதானே வராது, காது நன்றாகக் கேட்கும்.

வியாழக்கிழமை அவளை யாரும் ஒன்றும் செய்யவிடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம், தலைமையாசிரியை விடுப்பு போட்டாயிற்று. அடுப்புப் பக்கம் போக வேண்டாம், நெருப்பு. குளிக்க வேண்டாம், வழுக்கும். படியிறங்க வேண்டாம். மாரீஸ்வரி சமைத்துக் கொண்டுவந்தாள், 'ஏ' பிளாக்காரர்கள் வீடு துடைத்தார்கள், பீர் முகமதே குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி வைத்தார். முதல் ஒரு மணி நேரம் எப்சிபா எல்லாரையும் திட்டினாள். இரண்டாவது மணி நேரம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு பத்துக்கு எங்கோ மணி அடித்தது, அவளுடைய கால் தன்னால் துடித்தது, பிறகு அதுவும் நின்றது. நாளைக்கு என்று ஒன்று இல்லாதபோது எதற்கு முந்துவது? பருப்பு ஊற வேண்டாம். முட்டை வண்டி வந்தால் வரட்டும். செத்தால் சாகட்டும், இன்றைக்கு ஒரு நாளாவது யாரும் என்னை எதற்கும் கூப்பிடமாட்டார்கள் என்று சலிப்போடு சாய்ந்து உட்கார்ந்து, வேறு வேலை இல்லாததால் எதிரே இருந்த கணவரைப் பார்த்தாள்.

அவரைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. அவர் எதையோ சொல்ல எடுப்பதும் விடுவதுமாக இருந்தார். முதலில் இடது கைக் கட்டைவிரல் அசைந்தது. பிறகு தாடை இறுகியது. பிறகு ஒரு மூச்சு உள்ளே போய், தங்கி, வெளியே வந்து, இன்னொரு மூச்சு போய், அதற்கப்புறம்தான் உதடு பிரிந்தது. மூன்று மூச்சு. இந்த மூன்று மூச்சுக்குள்தான் அவள் ஒரு வருஷமாகத் தண்ணியா, தலைவலியா, தலகாணியா என்று குதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. மத்தியானம் முழுக்க வாயைத் திறக்காமல் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து இருபதுக்கு வாசல், படி, வராந்தா எல்லாம் ஆட்கள். அவள் கிடாரை எடுத்தாள்.

"யக்கா, தொடாதிய! அதைத் தொட்டாத்தான் என்னமும் ஆயிரும்!"

"போட்டி மாரீஸ்வரி, அங்கிட்டு. ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கு."

எண்ணவில்லை. போனில் டிக் டிக் வைக்கவில்லை. தனசிங்கின் கட்டைவிரல் எப்போது அசைகிறதென்று பார்த்து, அது அசைந்தபோது கையைக் கீழே விட்டாள்.

கம்பி ஒலித்தது. அவள் விரலுக்கு அடியில், அவள் தொட்ட அந்தக் கணத்தில், ஆகஸ்டிலிருந்து அவளுக்குக் கிடைக்காத அவளுடைய சொந்தச் சத்தம். பதறிப்போய்க் கையை எடுக்கப் பார்த்தாள், எடுக்கவில்லை. இரண்டாவது தட்டு, மூன்றாவது, நான்காவது, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. இன்றைக்குள்ளது இன்றைக்கே வருவதென்றால், நேற்று எப்படிக் கேட்டிருக்கும்? எட்டுத் தட்டு ஆனது. தனசிங்கின் உதடு பிரிந்தது.

"தண்…ணி… வே…ணும்."

வராந்தாவில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. அவர்களுக்குக் கிடார்தான் கேட்டது.

"சத்தம் வந்துட்டு! சத்தம் வந்துட்டு!" என்று மாரீஸ்வரி கூவினாள். "அப்ப யக்கா நாளைக்கு இருக்கா!"

"வெள்ளிக்கிழமை உண்டு," என்று பீர் முகமது கடிகாரத்தைத் தூக்கினார். "எல்லாரும் பேசாம இருங்க, லாரி நேரத்தைப் பாக்கணும். பந்தக்காரனை யாராவது வர வேண்டாம்னு சொல்லுங்கப்பா."

"இன்னைக்கு வாசிக்கிறது நேத்துக் கேக்கலியே, அது எப்படி?"

"அதை அப்புறம் பேசுவோம். மழைக்குச் சத்தம் உள்ளேருந்து வருதா, வெளியேருந்து வருதா?"

ஆளாளுக்குப் பேசினார்கள். எப்சிபாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, எல்லாரையும் ஒரு வாங்கு வாங்கிவிடலாம் என்று வாயெடுத்தபோது எதிரே கட்டைவிரல் அசைந்தது. வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் விட்டாள். நான்கு தட்டு. தாடை இறுகியது. இன்னும் நான்கு. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. அவர் என்ன சொல்ல வருகிறார் என்பதற்கு அவளிடம் பத்துப் பதில் இருந்தது, பத்தையும் விழுங்கினாள்.

"எல்…லா…ரும்…" என்று இழுத்தார் தனசிங், கம்பியின்மேல் ஏறி, முப்பது டன் பெட்டியை இறக்குகிற அதே நிதானத்தோடு. வராந்தா திரும்பிப் பார்த்தது. "அவ…வன்… வீட்…டுக்…குப்… போங்…க."

தாளில் இருந்த பத்து வாக்கியத்தில் இது இல்லை.

பீர் முகமது கடிகாரத்தைப் பையில் போட்டார். மாரீஸ்வரி மூக்கைச் சிந்திக்கொண்டே, "மச்சான் பேசிட்டாரு," என்றாள். ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போனார்கள். கீழே போன பிறகுதான் ஒருத்தர், அப்படியானால் இனிமேல் நாளைக்கு என்ன நடக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார்.

எப்சிபா சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்தது, கையை நிறுத்தவில்லை. கட்டைவிரல் மறுபடியும் அசைந்தது.

"எப்…சி…"

நான்கு தட்டு.

"நீ…"

அங்கேயே நின்றுவிட்டார். நான்கு தட்டு போயிற்று. எட்டு. புதன்கிழமை ராத்திரியிலிருந்து உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது ஒவ்வொரு எழுத்தாக மேலே வருவதை அவள் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லிக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு. பதினாறு.

"எனக்…கு… முன்…னால… போயி…ராத."

பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதை அங்கேயே நிறுத்திவைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முழுதாகத் தட்டி முடித்த பிறகு, "போகலை," என்றாள்.